ஸ்பாயில், டெயின்ட், விஷியேட்... எல்லாமே 'கெடுப்பது'தானா?

பாலாற்றங்கரை (கேள்வி)

வணக்கம். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனி கடிதங்களுக்கும் வேலூர் கோர்ட் ஆவணங்களுக்கும் தமிழாக்கம் செய்பவர்களுக்காக ஒரு சொற்பட்டியல் தயாராகிறது. ஒரே ஒரு கூட்டம் ஆங்கில வினைச்சொற்களில் வந்து வண்டி நின்றுவிட்டது: கரப்ட், டிப்ரேவ், டிபேஸ், டிகிரேட், பெர்வர்ட், விஷியேட், அடல்ட்டரேட், கன்டாமினேட், பொல்யூட், டெயின்ட், டிஃபைல், ஸ்பாயில். அகராதியைப் புரட்டினால் 'கெடு, சீரழி, மாசுபடுத்து, களங்கப்படுத்து' என்று அதே நாலு சொல்தான் இடம் மாறி மாறி வருகிறது.

இடிக்கிற இடங்களைச் சொல்கிறேன். தோல் தரச் சீட்டில் 'டெயின்டெட் 14' என்று இருக்கிறது. 'களங்கப்பட்ட தோல் 14' என்று எழுதினால் குடோனில் சிரிக்கிறார்கள். ஒப்பந்தத்தில் 'விஷியேட்' வந்தால் 'செல்லாததாக்கும்' என்று போடலாமா? மேல்முறையீட்டுத் தீர்ப்பில் கீழ்க்கோர்ட்டின் முடிவு 'பெர்வர்ஸ்' என்று இருந்தால் 'வக்கிரமானது' என்றா எழுதுவது? அது நீதிபதியைத் திட்டுவதாக ஆகிவிடாதா? பழைய நாணயம் பற்றிய கட்டுரையில் வரும் 'டிபேஸ்' இன்னொன்று.

பொத்தாம்பொதுவான அர்த்தம் வேண்டாம். ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது, முதலில் எந்தச் செயலைக் குறித்தது என்று தெரிந்தால் தமிழில் எது பொருந்தும் என்று பிடித்துவிடலாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

உரைகல்

நல்ல கேள்வி. இந்தச் சொற்களில் பெரும்பாலானவை லத்தீனில் கையால் செய்கிற ஒரு வேலையின் பெயர்கள். உடைப்பது, முறுக்குவது, கீழே இறக்குவது, தொடுவது, சேறு பூசுவது. ஒழுக்கம் பற்றிய அர்த்தம் பிறகு ஏறியது. அந்தக் கை வேலையைக் கண்டுபிடித்துவிட்டால் தமிழ்ச் சொல் பெரும்பாலும் தானாக வந்து நிற்கும்.

கரப்ட்: லத்தீனில் கொர்ரும்பெரே. 'ரும்பெரே' என்றால் உடைத்தல். முன்னால் இருக்கிற 'கொர்' முழுக்க என்று அழுத்தம் கொடுக்கிறது. ஆக, சுக்குநூறாக்குவது. ரப்சர், இன்டரப்ட், எரப்ட், அப்ரப்ட் எல்லாம் இதன் பங்காளிகள். பேங்க்ரப்ட் மட்டும் இத்தாலியிலிருந்து வந்தது, 'உடைந்த பெஞ்சு' என்று அர்த்தம்; லத்தீன் சாயலில் எழுத்தைத் திருத்திக்கொண்டார்கள். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கரப்ட் என்றால் பிணம் அழுகுவதும் உண்டு, காற்று நாறுவதும் உண்டு, நீதிபதி லஞ்சம் வாங்குவதும் உண்டு. தமிழிலும் இதே பாதைதான். 'ஊழல்' என்பதன் பழைய பொருள் பதனழிந்தது, அழுகியது. லஞ்ச அர்த்தம் அதன் மேல் ஏறியது. அதனால் அரசு, பதவி என்றால் ஊழல் கச்சிதம். ஆனால் ஃபைல் கரப்ட் ஆனால் அது 'சிதைவு'. ஏட்டுச்சுவடியைப் படியெடுத்தவர் கைப்பிழையால் வரி குழம்பியிருந்தால் அதையும் ஆங்கிலத்தில் கரப்ட் என்பார்கள். தமிழில் 'சிதைந்த பாடம்'. பாட பேதம் என்று போடாதீர்கள், அது வேறு: இரண்டு வாசகமும் சரியாக இருந்தாலும் பாட பேதம்தான்.

டிப்ரேவ்: 'ப்ராவுஸ்' என்றால் கோணல். நேராக இருந்ததைக் கோணலாக்குவது. நம்மூரில் 'கோணபுத்தி' என்கிறோமே, அதுதான் ஒட்டிய படம். இது ஆளுக்கு மட்டும்தான் வரும். தண்ணீரையோ தோலையோ டிப்ரேவ் செய்ய முடியாது.

பெர்வர்ட்: 'வெர்தெரே' என்றால் திருப்புதல். கன்வர்ட், இன்வர்ட், டைவர்ட் எல்லாம் அதே குடும்பம். 'பெர்' சேர்ந்ததால் தப்பான பக்கம் திருப்பியது. தமிழில் இதற்குத் 'திரித்தல்' இருக்கிறது, அதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது. பஞ்சை முறுக்கினால் விளக்குத் திரி. உண்மையை முறுக்கினால் திரிபு. ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக 'பெர்வர்ட்' வரும்போது முதல் அசையில் அழுத்தம், அங்கேதான் வக்கிரம் பொருந்தும். வினையாக வரும்போது அழுத்தம் இரண்டாவது அசையில், அங்கே 'திரித்தல்' போட்டால் போதும்.

டிகிரேட்: 'க்ராதுஸ்' என்றால் படிக்கட்டு. படியிறக்குவது. முதலில் பாதிரியாரையோ வீரரையோ பட்டம் பறித்துக் கீழே இறக்குவதற்கான சொல். இங்கே தமிழ் ஒரு வேடிக்கை காட்டுகிறது. 'இழிதல்' என்பதற்கும் பழைய தமிழில் இறங்குதல் என்றுதான் பொருள், மலையிலிருந்து அருவி இழியும். அந்த இறக்கத்திலிருந்துதான் 'இழிவு' வந்தது. ஆக டிகிரேடும் இழிவுபடுத்துதலும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே படியில் இறங்கியவை. ஆனால் பிளாஸ்டிக் டிகிரேட் ஆகிறது என்று வந்தால் இழிவு வேண்டாம், 'சிதைகிறது, மக்குகிறது'.

டிபேஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள். 'பாஸ்ஸுஸ்' என்ற பிற்கால லத்தீன் சொல்லுக்குத் தாழ்ந்த, குட்டையான என்று பொருள். அதிலிருந்து வந்த 'பேஸ்' முன்னால் 'டி' சேர்த்து 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலத்திலேயே செய்துகொண்ட சொல் இது. அதற்குச் சற்று முன்னால்தான் இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி நாணயத்தில் கை வைத்திருந்தார். ஸ்டெர்லிங் வெள்ளி என்றால் 1000க்கு 925 பங்கு வெள்ளி. 1544 முதல் 1551 வரை அது படிப்படியாக இறங்கியது. பாதியானது, மூன்றில் ஒன்றானது, கடைசியில் கால் பங்குக்கு வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோ நல்ல நாணயத்தில் 925 கிராம் வெள்ளி, கடைசிக் கட்டத்தில் 250 கிராம். அதே வெள்ளியில் 3.7 மடங்கு நாணயம். மேலே வெள்ளிப் பூச்சு, உள்ளே செம்பு. நாணயத்தில் ராஜாவின் முகம் நேர்ப்பார்வையாக இருந்ததால் மேடான மூக்குதான் முதலில் தேய்ந்து செம்பு எட்டிப் பார்த்தது. அதனால் அவருக்குச் 'செப்பு மூக்கர்' என்று பட்டப்பெயர்.

இதற்குத் தமிழில் 'மதிப்பிழக்கச் செய்தல்' என்று எழுதுகிறார்கள். அது டிவேல்யூ. டிபேஸ் என்பது உலோகத்தின் உள்ளே நடப்பது. நம் பொற்கொல்லர்களிடம் இதற்குச் சொல் தயாராக இருக்கிறது: 'மாற்றுக் குறைத்தல்'. மாற்று என்றால் உலோகத்தின் தூய்மை அளவு. உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பது அந்த மாற்றைத்தான். இன்றைக்கு நகைக்கடையில் 916 என்று கேட்கிறோமே, அதுவும் 1000க்கு 916 பங்கு என்கிற அதே கணக்குதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆற்காட்டு ரூபாயைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மெட்ராஸிலும் பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியிலும் அடித்தார்கள். அதைப் பற்றிய கட்டுரையில் 'இமிடேஷன்' என்று வந்தால் அது டிபேஸ் இல்லை. வேறு இடத்து அக்கசாலையில் அதே அச்சைப் பார்த்து அடிப்பது ஒரு சமாச்சாரம், வெள்ளியைக் குறைப்பது இன்னொன்று, திருட்டுத்தனமாகப் பொய் நாணயம் அடிக்கிற கவுன்டர்ஃபீட் மூன்றாவது. டிபேஸ் செய்வது பெரும்பாலும் நாணயம் அடிக்க அதிகாரம் உள்ளவரே. எந்த ரூபாய்க்கு எவ்வளவு வட்டம் (கழிவு) பிடிக்கலாம் என்று நாணயம் மாற்றுகிற சராப்புக் கடையில் பார்த்தது எடையையும் மாற்றையும்தான்.

---

ஆவாரம்பட்டை

தோல் சீட்டுக்கு நான் சொல்கிறேன். 'டெயின்டெட்' என்றால் அங்கே களங்கம் கிடையாது, 'ஊழ ஆரம்பித்தது', 'வாடை விழுந்தது'. குடோன் பேச்சில் 'தோல் அடிபட்டுப்போச்சு', 'ரோமம் விட்டுப்போச்சு'. எழுத்தில் போடுவதானால் 'அழுகல் கண்ட தோல் 14' என்று எழுதுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பரிசோதிப்பவர் எதைப் பார்த்து அப்படி எழுதுகிறார் என்று தெரிந்தால் சொல் மறக்காது. உரித்த பச்சைத்தோலில் சில மணி நேரத்திலேயே பாக்டீரியா வேலையை ஆரம்பித்துவிடும், நம்மூர் வெயிலுக்கு இன்னும் சீக்கிரம். அதனால்தான் தோலின் எடையில் 40 முதல் 50 சதவீதம் வரை உப்புப் போடுகிறார்கள். 20 கிலோ தோல் என்றால் 8 முதல் 10 கிலோ உப்பு, சதைப்பக்கம் முழுக்கப் பரவலாக. கழுத்துப் பக்கம் மடிப்பிலும் ஓரச் சுருளிலும் உப்பு இறங்காமல் விட்டால் அங்கிருந்துதான் தொடங்கும். இரண்டு விரலால் ரோமத்தைப் பிடித்து லேசாக இழுத்தால் வேரோடு கையில் வந்துவிடும். இதற்குப் பெயர் 'ஹேர் ஸ்லிப்', டெயின்டின் முதல் அடையாளம். முகர்ந்தால் அமோனியா வாடை. அதைப் பதனிட்டு மேற்பக்கத்தைப் பார்த்தால் குண்டூசியால் குத்தினது போலப் பொடிப் பொடிக் குழி, சாயமும் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். உப்புப் போட்ட தோலிலேயே சதைப்பக்கம் சிவப்பாகத் திட்டு வந்தால் அது வேறு, உப்பை விரும்புகிற பாக்டீரியா, 'ரெட் ஹீட்' என்பார்கள். அதையும் டெயின்ட் என்று ஒரே வரியில் போட்டால் பார்ட்டி தப்பாகப் புரிந்துகொள்வார்.

இனி சொல்லின் பிறப்பு. டெயின்ட் என்பது இரண்டு சொல் ஒன்றாகக் கலந்தது. ஒன்று 'திங்கெரே', சாயத்தில் தோய்ப்பது. டிங்ச்சர், டின்ட் எல்லாம் அதன் பிள்ளைகள். இன்னொன்று பழைய பிரெஞ்சு 'அதெய்ன்ட்', அதன் மூலம் 'தாங்கெரே', தொடுவது. குற்றம் சாட்டப்பட்டு மாட்டுவதற்கு அந்தச் சொல் இருந்தது. ஒலி ஒன்றாக இருந்ததால் ஆங்கிலத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. தொட்டதும் தோய்ந்ததும் சேர்ந்தது டெயின்ட். அதனால் அது எப்போதும் கொஞ்சம்தான், ஓரத்தில் தொடங்கி ஊடுருவுவது. முழுக்க அழுகிவிட்டால் 'ப்யூட்ரிஃபை' ஆகிவிடும், அதன் அடியில் இருப்பது 'நாறுதல்'.

இந்த வரிசையில் உள்ளபடியே நம் தொழிலுக்குச் சொந்தமான சொல் ஸ்பாயில். லத்தீனில் 'ஸ்போலியும்' என்றால் மிருகத்திலிருந்து உரித்த தோல். அங்கிருந்து போரில் செத்தவன் மேலிருந்து உருவிய கவசம், ஆயுதம். 'ஸ்போலியாரே' என்றால் உரித்தல், கொள்ளையடித்தல். 'ஸ்பாயில்ஸ் ஆஃப் வார்' என்பதில் அந்தப் பழைய அர்த்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது, போர்க் கொள்ளை. பொருளைப் பாழாக்குவது என்பது 16ஆம் நூற்றாண்டில், சாப்பாடு கெட்டுப்போவது 17ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஆக 'சாம்பார் ஸ்பாயில் ஆயிடுச்சு' என்று சொல்கிறவர் அதைத் தோலுரித்துவிட்டதாகச் சொல்கிறார்!

'டான்' என்ற பதனிடும் வினையும் ஒரு பட்டையின் பெயர்தான். 'தன்னும்' என்றால் ஓக் மரப்பட்டை இடித்த தூள். அவர்களுக்கு ஓக், நமக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும். அழுகாமல் தடுப்பதுதான் அந்த வினையின் முழு வேலை. உங்கள் பட்டியலுக்கு நேர் எதிர்ச்சொல் என்று இதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

---

சத்துவாச்சாரி கோர்ட் பக்கம்

உரைகல் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். 'கரப்ட் என்றால் அரசுக்கு ஊழல்' என்று சட்ட ஆவணத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தைப் பாருங்கள், இந்த வினைகளை அளந்து வைத்திருக்கிறார்கள். 277ஆம் பிரிவு: பொது ஊற்று அல்லது நீர்த்தேக்கத்தின் தண்ணீரை 'கரப்ட்' செய்பவர் அல்லது அசுத்தப்படுத்துபவர். அங்கே லஞ்சமே இல்லை, பழைய அர்த்தம் அப்படியே நிற்கிறது. 'நீரைக் கெடுத்தல்' என்பதுதான் சரி. அடுத்த 278இல் காற்று வருகிறது, அதற்கு வினை 'விஷியேட்'. வழிபாட்டுத் தலம் என்றால் 295ஆம் பிரிவு, வினை 'டிஃபைல்'. ஆபாசப் புத்தகம் என்றால் 292ஆம் பிரிவு, படிப்பவர் மனதை 'டிப்ரேவ் அண்ட் கரப்ட்' செய்யும் தன்மை. தண்ணீர், காற்று, கோயில், மனம் என நாலு பொருளுக்கும் வினை தனித்தனி. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் எண்கள் மாறியிருக்கின்றன (நீருக்கு 279, காற்றுக்கு 280), வினைகள் அதேதான்.

விஷியேட்: 'விதியும்' என்றால் குறை, பழுது. வைஸ், விஷியஸ் எல்லாம் அங்கிருந்துதான். பொருளை உடைப்பது இல்லை, அதில் ஒரு பழுதை உண்டாக்குவது. ஒப்பந்தத்தில் 'செல்லாததாக்கும்' என்று போடலாமா என்று கேட்டீர்கள். போடாதீர்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி வற்புறுத்தல், மோசடி, பொய்யான விவரம் இவற்றால் பெற்ற சம்மதம் இருந்தால் அந்த ஒப்பந்தம் தானாகச் செத்துவிடாது, ஏமாற்றப்பட்ட தரப்பு விரும்பினால் ரத்து செய்துகொள்ளலாம். அவர் சும்மா இருந்தால் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு தரப்புமே அடிப்படை விஷயத்தில் தவறாக நினைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் 20ஆம் பிரிவு, அங்கேதான் அடியோடு செல்லாது. எனவே விஷியேட் என்றால் 'பழுதுபடுத்தும்'. விளைவு என்ன என்பதை அடுத்த வாசகம் சொல்லட்டும். 'செல்லாததாக்கும்' என்று நீங்கள் எழுதினால் 19ஐ 20ஆக மாற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பெர்வர்ஸ் ஃபைண்டிங்: வக்கிரம் வேண்டவே வேண்டாம். சாட்சியமே இல்லாமல், அல்லது இருக்கிற சாட்சியத்தை ஒதுக்கிவிட்டு, நியாயமாக யோசிக்கிற யாரும் வர முடியாத முடிவுக்கு வந்தால் மேல்கோர்ட் பயன்படுத்தும் சொல் அது. 'சாட்சியத்துக்கு முரணான முடிவு' அல்லது 'ஆதாரத்துக்குப் புறம்பான முடிவு' என்று போடுங்கள். நீளம் என்றால் 'பிறழ்வான முடிவு'. 'பெர்வர்ட்டிங் தி கோர்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ்' வந்தால் அது சாட்சியைக் கலைப்பது, பொய் ஆவணம் காட்டுவது போன்ற வேலை: 'நீதியின் போக்கைத் திரித்தல்'.

அடல்ட்டரேட்: இதைக் 'கலப்படம் செய்' என்றே விட்டுவிடலாம், ஆனால் சட்டத்தில் அளவுகோல் இரண்டு. தண்டனைச் சட்டத்தின் 272ஆம் பிரிவுக்கு, விற்கிற உணவு உடலுக்குத் தீங்கானதாக ஆகியிருக்க வேண்டும். பாலில் நல்ல தண்ணீரை ஊற்றியதற்காக மட்டும் அந்தப் பிரிவு ஒட்டாது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1954இல் தனியாக உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது, பிறகு அதன் இடத்தில் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம். புதிய சட்டத்தில் 'அடல்ட்டரன்ட்' கலக்கிற பொருளின் பெயர். உணவைப் பற்றிப் பேசும்போது 'பாதுகாப்பற்றது', 'தரம் குறைந்தது', 'தவறான விவரச்சீட்டு உள்ளது' என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். மூன்றையும் 'கலப்பட உணவு' என்று போட்டு நோட்டீஸைத் தமிழாக்கினால், கடைக்காரர் மேல் இல்லாத குற்றச்சாட்டை நீங்கள் சுமத்தியதாகிவிடும்.

---

பாலாற்றங்கரை

மிக்க நன்றி. 19, 20 பிரிவு விளக்கம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது, எங்கள் வரைவில் அந்தத் தப்பு இருக்கிறது.

இரண்டு சந்தேகம் மிச்சம். அடல்ட்டரேட் என்பது 'அடல்ட்' என்பதிலிருந்து வந்தது, பெரியவர்கள் செய்கிற தப்பு என்று ஒரு பயிற்சிப் புத்தகத்தில் போட்டிருக்கிறது, சரியா? இன்னொன்று, கன்டாமினேட்டும் பொல்யூட்டும் எங்கே பிரிகின்றன? மாசுக் கட்டுப்பாட்டு ஆவணங்களில் இரண்டும் ஒரே பாராவில் வருகின்றன.

---

உரைகல்

அந்தப் பயிற்சிப் புத்தகத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். 'அடல்ட்' என்பது 'அதோலெஸ்கெரே', வளர்தல் என்ற வினையின் முடிந்த வடிவம், வளர்ந்து முடிந்தவர். அடோலசென்ட் அதன் பாதி வழி. அடல்ட்டரேட் என்பது 'அதுல்தெராரே', அதற்குள் இருப்பது 'அல்தெர்', அதாவது மற்றொன்று; ஆல்டர், ஆல்டர்னேட் அதன் உறவு. மற்றொன்றைச் சேர்த்துப் பொய்யாக்குவது. பாலில் சேர்த்தால் கலப்படம், கல்யாணத்தில் சேர்த்தால் அடல்ட்ரி. இரண்டுக்கும் லத்தீனில் ஒரே சொல்தான் இருந்தது.

இப்படி முகம் ஒன்று, குடும்பம் வேறு என்று இன்னும் சில உண்டு. 'டிமீன்' இரண்டு இருக்கிறது. பழைய டிமீன் என்றால் நடந்துகொள்வது, அதிலிருந்துதான் டிமீனர், நடத்தை. மூலத்தில் மாட்டை அதட்டி ஓட்டுகிற 'மினாரே'. மட்டமான என்கிற 'மீன்' முன்னால் 'டி' போட்டு, டிபேஸைப் பார்த்துச் செய்ததுதான் தாழ்த்துவது என்கிற டிமீன். 17ஆம் நூற்றாண்டுக் கடிதத்தில் ஒருவர் 'நன்றாக டிமீன் செய்தார்' என்று வந்தால் நன்றாக நடந்துகொண்டார் என்று அர்த்தம். 'டிஃபைல்' அதேபோல. அசுத்தப்படுத்துவது என்கிற டிஃபைல் மிதித்துத் துவைப்பது என்ற பிரெஞ்சுச் சொல்லும் 'ஃபவுல்' என்ற சொந்த ஆங்கிலச் சொல்லும் கலந்தது. பழைய போர் வரலாற்றில் படை ஒரு 'டிஃபைல்' வழியாகப் போனது என்று வந்தால் அது கணவாய், ஒற்றை வரிசையாகத்தான் போக முடிகிற இடம். அங்கே 'தீட்டுப்பட்ட வழி' என்று எழுதிவிடாதீர்கள். 'வைஸ்' மூன்று: தீய பழக்கம் விதியும் வழி வந்தது, வைஸ் சான்சலரின் வைஸ் 'பதிலாக' என்கிற வேறு சொல், லேத் பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் 'வீத்திஸ்', திராட்சைக் கொடி, திருகு சுழல்வதால் வந்த பெயர். அழுக்காக்குவது என்கிற 'சாயில்', மண் என்கிற 'சாயில்' இரண்டும்கூட வேறு வேறு. அழுக்கின் சாயில் பன்றி புரள்கிற சேற்றுக் குட்டையோடு சேர்ந்தது.

'டார்னிஷ்' உங்கள் பட்டியலில் இல்லை, சேர்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் 'தெர்ன்' என்றால் மங்கலான. இது மேல்தோலோடு நிற்பது. வெள்ளிக் கொலுசு கறுத்தால் காற்றிலிருக்கிற கந்தகம் பட்டு மேலே வெள்ளி சல்ஃபைடு படிந்திருக்கிறது, விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வந்துவிடும். அது டார்னிஷ். எவ்வளவு தேய்த்தாலும் சிவப்புத்தான் வருகிறது என்றால் அது டிபேஸ். ஒருவர் பெயருக்கு டார்னிஷ் என்று வந்தால் 'மங்கியது, கறை படிந்தது' என்று எழுதுங்கள், 'நாசமானது' என்பது அதிகம்.

---

ஆவாரம்பட்டை

கன்டாமினேட், பொல்யூட் பற்றி.

கன்டாமினேட்டின் அடியில் இருப்பது தொடுதல், டெயின்டில் சொன்ன அதே 'தாங்கெரே' வேர். கான்டாக்ட், கன்டேஜியன், இன்டாக்ட் எல்லாம் ஒரே வீடு. ஒன்று இன்னொன்றைத் தொட்டதால் அதில் வராத பொருள் வந்துவிட்டது, அவ்வளவுதான். அளவு, கெடுதல் எல்லாம் பிறகு. குறளில் 'நன்பால் கலந்தீமை யால்திரிந் தற்று' என்று வருகிறதே, நல்ல பால் பாத்திரத்தின் தீமையால் திரிந்தது, அதுதான் கன்டாமினேஷன். பாலில் யாரும் எதையும் ஊற்றவில்லை, ஊற்றியிருந்தால் அடல்ட்டரேஷன். மேலே சொன்ன 2006 சட்டத்திலும் 'கன்டாமினன்ட்' என்பதற்கு, சேர்த்ததாக இருக்க வேண்டியதில்லை, உற்பத்தியிலோ பேக்கிங்கிலோ சுற்றுப்புறத்திலிருந்தோ வந்து இருந்தாலே போதும் என்றுதான் விளக்கம். வேடிக்கை என்னவென்றால் பூச்சித் துண்டு, எலி ரோமம் இவற்றை அந்த விளக்கத்திலிருந்து விலக்கிவிட்டார்கள், அவை 'புறப்பொருள்' கணக்கு. ஆகவே லேப் ரிப்போர்ட்டில் கன்டாமினேஷன் என்றால் 'வேற்றுப்பொருள் கலந்திருத்தல்', கொஞ்சம் இடம் இருந்தால் 'தொற்றுக் கலப்பு'. 'கலப்படம்' மட்டும் வேண்டாம், அதில் ஒரு கையும் ஒரு எண்ணமும் தெரிகிறது.

பொல்யூட் என்பதில் இருப்பது 'லூத்தும்', சேறு. ஆங்கிலத்தில் வந்த புதிதில் கோயிலையோ புனிதமானதையோ தீட்டாக்குவதற்குத்தான் அந்தச் சொல். நதி, காற்று என்று இன்று நாம் சொல்வது மிகப் பிந்தியது. தமிழ் 'மாசு' அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. வேலை இடத்தில் வைத்துக்கொள்ள ஒரு அளவுகோல்: இருப்பது தெரிந்தால் கன்டாமினேஷன், இருப்பதால் தீங்கு வந்தால் பொல்யூஷன். எல்லாப் பொல்யூஷனிலும் கன்டாமினேஷன் உண்டு, எதிர்ப்பக்கம் அப்படிச் சொல்ல முடியாது.

நம் பக்கத்து உதாரணமே போதும். மேலே தோலில் போட்டதாகச் சொன்ன அந்த 8, 10 கிலோ உப்பில் ஒட்டியிருப்பதை முதலில் உதறி எடுக்க வேண்டும். உதறாமல் நேரே ஊறல் தொட்டியில் போட்டால் உப்பு முழுக்கக் கழிவுநீருக்குப் போகும். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவைத்தான் ஆவணத்தில் 'டிடிஎஸ்' என்று போடுகிறார்கள். சாதாரண உயிரியல் சுத்திகரிப்பில் சாணி, ரோமம், கொழுப்பு போகும், கரைந்த உப்பு போகாது. தோல் ஊழாமல் காத்த உப்பே கிணற்று நீரை உவர்ப்பாக்கியது இப்படித்தான். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தபோது 'பொல்யூட்டர் பேஸ்' என்ற கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்பதுதான் அதன் தமிழ். அங்கே 'அபராதம் கட்ட வேண்டும்' என்று எழுதுவதைப் பார்க்கிறேன், அது குறைச்சல். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும், கெட்ட சுற்றுச்சூழலைத் திரும்பச் சரிசெய்கிற செலவும் இரண்டும் அதில் அடக்கம்.

இதே ஆவணங்களில் நிலத்துக்கு 'டிகிரேடட் லேண்ட்' என்று வரும். 'இழிந்த நிலம்' வேண்டாம், 'வளம் குன்றிய நிலம்'. கட்டடம், இயந்திரம் என்றால் 'டிடீரியரேட்'. அதில் யாரும் கெடுக்கவில்லை, 'தெதெரியர்' என்றால் முன்னைவிட மோசமான, அவ்வளவுதான். 'நாள்பட்டுப் பழுதாதல்' போதும்.

---

சத்துவாச்சாரி கோர்ட் பக்கம்

உரைகல் ஐயா டிஃபைலுக்குத் 'தீட்டு' என்றார். 295ஆம் பிரிவுக்கு அதைப் போடாதீர்கள். தீட்டு என்றால் நம்மூரில் பிறப்பு, இறப்பு, சாதி என்று வேறு சுமை ஏறி நிற்கிறது, எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். பிரிவு சொல்வது ஒரு மதத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு, அல்லது அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தே, வழிபாட்டுத் தலத்தையோ புனிதமாகக் கருதும் பொருளையோ அழிப்பது, சேதப்படுத்துவது, டிஃபைல் செய்வது. மூன்றாவதற்குப் 'புனிதம் கெடச் செய்தல்' என்று போடுங்கள். நோக்கம், தெரிந்தே என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள், அவை போனால் பிரிவே போய்விடும்.

---

பாலாற்றங்கரை

குறித்துக்கொண்டேன். பட்டியலில் இப்போதைக்கு இப்படி நிற்கிறது: டெயின்டெட் தோல், அழுகல் கண்டது. விஷியேட், பழுதுபடுத்தும். பெர்வர்ஸ் ஃபைண்டிங், சாட்சியத்துக்கு முரணான முடிவு. நாணயத்தில் டிபேஸ், மாற்றுக் குறைத்தல். கரப்ட் மட்டும் தண்ணீர், ஃபைல், சுவடி, பதவி என்று நாலு வரியாகப் பிரிந்துவிட்டது. 'டிபாச்' ஒன்று விட்டுப்போனது, யாராவது சொன்னால் சேர்த்துவிடலாம்.

---

உரைகல்

டிபாச் பிரெஞ்சில் முதலில் வேலையிலிருந்து ஆளை இழுப்பது. பட்டறையில் இருக்கிற கைக்காரனை ஆசை காட்டி வெளியே கூட்டிப்போவது. குடி, கூத்து எல்லாம் அப்படி வெளியே வந்தவர் செய்தது. இன்றைய ஆங்கிலத்தில் அந்த இரண்டாவது பாதிதான் மிச்சம், எனவே 'கெட்ட வழிக்கு இழுத்தல்'. 'இழுத்தல்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.